வெளுத்துப்போன நாயகி

புலம்பெயர்ந்து வந்த மோர்னிங்சைட்டில், குகன் அண்ணையின் அச்சகப் பின்னறையில் மூன்று நாட்களாகப் படுக்கிறேன். வாடகைக்குப் பதில் பகலில் காகிதம் மடிக்கிறேன். இங்கே அதிகம் அச்சாவது கலியாணப் புகைப்பட அல்பங்கள்.

இப்போது கானா நாட்டுக்காரி அமா தன் சித்திரக்கதைப் புத்தகங்களை எடுக்க வந்திருக்கிறாள். இரும்புக் கவசம் அணிந்த ஒரு பெண் அவள் நாட்டுத் தலைநகர் அக்ராவுக்கு மேலே பறந்து இயந்திரப் படையோடு மோதும் கதை. எழுதியதும் வரைந்ததும் அவளேதான். நாளைக் காலை கண்காட்சியில் விற்கவேண்டும்.

அட்டையைப் பார்த்தவள் அப்படியே நிற்கிறாள். நாயகியின் முகம் கோதுமை நிறத்தில் இருக்கிறது.

நேற்று அண்ணை கணினியில் அந்த முகத்தைக் காட்டி, "நல்லா இருண்டு கிடக்கடா, அல்பத்துக்குச் செய்யிற மாதிரி வெள்ளையாக்கி விடட்டே?" என்று கேட்டார். "ஓம் அண்ணை, அப்பதான் எடுப்பா இருக்கும்" என்றேன்.

"இது யார்?" என்று அமா ஆங்கிலத்தில் கேட்கிறாள்.

"வடிவாத்தானே வந்திருக்கு. எங்கடை சனமெண்டால் இன்னும் வெள்ளையாக்கச் சொல்லும்" என்று அண்ணை என்னிடம் தமிழில் முணுமுணுக்கிறார். பிறகு அவளிடம், செவ்வாய்க்கிழமைக்குள் திரும்ப அடித்துத் தருவதாகச் சொல்கிறார்.

அவள் காகிதப் பெட்டியில் அமர்ந்து, பையிலிருந்து மண்ணிறப் பேனைகளை எடுத்து, முதல் அட்டையில் முகத்தைத் தீட்டத் தொடங்குகிறாள்.

நானும்தான் வெளுக்கச் சொன்னேன் என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி, ஒரு பேனைக்குக் கை நீட்டுகிறேன்.

"வேண்டாம். அவள் முகத்தை இனி நீங்கள் தொடவேண்டாம்."

மை காயும்வரை அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நிற்க மட்டும் என்னை விடுகிறாள்.