சரோஜினி நகரில் கோலமாவால் ஒரு வீடு

தில்லிக் குளிரை ஒருமுறை அனுபவித்துவிட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. பொங்கல் முடிந்த கையோடு அதற்கு ஒரு சாக்கு கிடைத்தது. சரோஜினி நகரில் வளர்ந்து, இன்று உச்ச நீதிமன்றத்தில் பேர்போன வழக்கறிஞராக இருக்கும் கோமதிக்கு அந்தப் பகுதித் தமிழர்கள் விழா எடுக்கிறார்கள், வா என்று என் நாத்தனார் விஜயா அக்கா கூப்பிட்டிருந்தார்.

புது தில்லி ரயில் நிலையத்திலிருந்து மெட்ரோ மஞ்சள் பாதையில் ஐ.என்.ஏ. வரை போய், இளஞ்சிவப்புப் பாதைக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே சரோஜினி நகர். முப்பத்திரண்டு ரூபாய். காலை எட்டரைக்கு வெளியே வந்தால் ஊரையே காணோம். எல்லாம் பனிக்குள் இருந்தது. ரயிலில் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறோமோ என்றுகூடத் தோன்றியது. பழைய குவார்ட்டர்ஸ் வழியாகப் போகச் சொன்னதும், "வோ தோ கப் கே டூட் கயே, மேடம்" என்றார் ஆட்டோக்காரர். அவற்றை எப்போதோ இடித்துவிட்டார்களாம்.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் அக்கா இரண்டு புடவை மாற்றியிருந்தார். என்ன இவ்வளவு பதற்றம் என்று சீண்டினேன்.

"கோமதி குடும்பம் இருந்தது எங்க வீட்டுல. அப்பாவுக்குக் கிடைச்ச குவார்ட்டர்ஸோட பின்வராந்தாவை அடைச்சு அவாளுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். சர்க்கார் வீட்டை அப்படி விடப்படாது. செக்கிங் வந்தா, 'ஊர்லேருந்து விருந்தாளி, ரெண்டு நாள்ல கிளம்பிடுவா'ன்னு சொல்றது என் டியூட்டி. ஒன்பது வருஷ விருந்தாளி!" சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "விழாக் கமிட்டிக்கு இது தெரியாது. அவ ஒரு பேட்டியிலயும் எங்களைச் சொன்னதில்லை. இன்னிக்கும் யாரோ மாதிரி போயிட்டான்னா, என்னால தாங்க முடியாது."

விழாவுக்குப் போனால், பழைய வீடுகள் இருந்த இடத்தில் ஒரு வேப்பமரமும் வெறும் தரையும்தான். விழாக் கமிட்டியார் அந்த ஈரமண்ணில், கோமதி வளர்ந்த வீட்டைக் கோலமாவால் வரைந்து வைத்திருந்தார்கள். வாசல், கூடம், ஒரு அறை, சமையற்கட்டு. பனி விலக விலக, வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாய்த் தெளிந்தன. சுவரே இல்லாத அந்த வீட்டைப் பிள்ளைகள் மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். ஒரு பெரியம்மா, "பையா, குர்சி இதர்" என்று நாற்காலியை இந்தப் பக்கம் போடச் சொல்லி ஆளை விரட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கனவுக்குள் காப்பி குடிப்பது போலிருந்தது.

பதினொரு மணிக்குக் கோமதி வந்தார். வரைந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். "இதுதான் மேடம் உங்க ஹால்" என்றார் செயலாளர். அந்த வீடு கோமதியின் அப்பாவுக்கே கிடைத்தது என்று அவர் நினைப்பு. கோமதி கூடத்தில் நிற்கவில்லை. சமையற்கட்டைக் கடந்து பின்கோட்டையும் தாண்டிவிட்டார்.

"மேடம், வீடு அங்கயே முடிஞ்சுடுத்து."

"எங்க வீடு இங்கதான் ஆரம்பம். கொஞ்சம் கோலமாவு குடுங்க."

உட்கார்ந்து, பாய் விரிக்கும் அளவுக்கு ஒரு கட்டம் போட்டார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"செக்கிங் வந்தா ஒரு அக்கா என்னை விருந்தாளின்னு சொல்லுவாங்க. எனக்காக முதல்ல வாதாடினது அவங்கதான்" என்ற கோமதி, எழுந்து கூட்டத்தில் தேடினார். "விஜயாக்கா, நான் இன்னும் கிளம்பலை."

அக்கா விசும்பவில்லை, வாய்விட்டே அழுதார். நானும்தான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜனவரியில் ரயில் தாமதமாகும் என்று கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். காலுறை இல்லாமல் இறங்காதீர்கள். மார்க்கெட்டுக்குத் திங்கள் விடுமுறை. துணிக்கடைகளில் பேரம் பேச வெட்கப்பட வேண்டாம். நான் வெட்கப்பட்டு ஏமாந்தேன். பெரிய நினைவிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள், கோலமாவு எத்தனை நாள் நிற்கும்?

மதியச் சாப்பாட்டுக்கு விஜயா அக்கா வீட்டுக்கே கோமதி வந்தார். கார் டிரைவர் இரண்டு தடவை வந்து வாசலில் நின்று பார்த்தார். தெருவிளக்கு எரிந்த பிறகும் விருந்தாளி கிளம்பவில்லை.