மேல்தட்டில் கட்டிய தோரணம்

கொழும்பு ரயிலில் எனக்கு எதிரே இருந்தவருக்குப் பயணிகள் கப்பலில் சாப்பாடு பரிமாறும் வேலை. யாழ்ப்பாணத்து வடகரைக்காரர். ரயில் எப்படி ஆடினாலும் அவருடைய உள்ளங்கையில் இருந்த தேநீர் சிந்தவில்லை. இடக்கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். காலில் போட்டிருந்த மினுக்கிய சப்பாத்தைப் பார்த்த உடனேயே எனக்கு வயிறு எரிந்தது. நான் இணுவிலிலிருந்து யாழ்ப்பாணக் கந்தோரில் எழுத்து வேலைக்குச் சைக்கிள் மிதிக்கிறவன்.

"மேல்தட்டிலை ஒவ்வொரு பின்னேரமும் ஒவ்வொரு வேசம், தம்பி. ஒருநாள் கடற்கொள்ளைக்காரர், ஒருநாள் சுல்தான்மார். இது இலங்கை விருந்து" என்று ஒரு படத்தை நீட்டினார்.

வெள்ளைக்காரச் சோடிகள் சேலையும் வேட்டியுமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவே தட்டுடன் இவர். இந்த மனுசனுக்கு இப்படி ஒரு வாழ்வா என்று பொருமியபடி பார்த்த நான், மேலே தொங்கிய குருத்தோலைத் தோரணத்தைக் கண்டு திகைத்தேன். நல்ல காரியத்துக்குக் கட்டினால் தோரணத்தில் மடித்த ஓலைக் குருவிகள் நிமிர்ந்து நிற்கும். படத்தில் அவை தலைகீழாகத் தொங்கின.

"அண்ணை, உது செத்தவீட்டுத் தோரணமல்லோ? மாறிக் கட்டிப்போட்டியளோ?"

"மாறேல்லை. கப்பல் கொழும்பை விட்டு மூண்டாம் நாள், அம்மா செத்திட்டா எண்டு தந்தி வந்தது. அண்டைக்குத் தோரணம் கட்டுறது என்ரை வேலை. ஆடின வெள்ளைக்காரருக்கு வித்தியாசம் தெரியாது."

படத்தைத் துடைத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

என் ஐயா இறந்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். தோரணத்தை அயலார் கட்டினார்கள். நான் ஓர் ஓலைகூட மடிக்கவில்லை.

அவர் இறங்கிப் போன பிறகும் எனக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. சப்பாத்துக்காக அல்ல.