கறைக்காரரின் மீன் தொட்டி

கறை என்று ஒன்று இருந்தால் அதை எடுக்க வழி என்று ஒன்று இருந்தே தீரும் என்பது சலவைக்கடைக்காரரின் கொள்கை. தேநீர், மை, மசகு, ரத்தம் எதுவாக இருந்தாலும் துணியை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "போயிடும், நாளைக்கு வாங்க" என்பார். போய்விடும். அதனால் தெருவில் அவருக்குக் கறைக்காரர் என்றே பெயர். அழுக்கை எடுக்கிற மனிதருக்கு அழுக்கின் பெயரையே வைத்த தெருவை என்ன சொல்ல? அவருக்கு அதில் வருத்தம் இல்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், ஒரு கண்ணாடித் தொட்டி பச்சைத் தாடி வளர்த்துக்கொண்டு நின்றது.

அது மகள் வாங்கிய தொட்டி. முதல் சம்பளத்தில் வாங்கினாள். சாதாரண மீன் தொட்டி இல்லை. உப்புக் கரைத்த கடல்நீர்த் தொட்டி. துளை துளையான கடற்கற்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடிக் கோமாளி மீன். அவ்வளவுதான் குடித்தனம். வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது தன் பழைய போனை அப்பா கையில் கொடுத்தாள்.

"வாராவாரம் மீனை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா. சிரமமா இருந்தா சொல்லிடுங்க. லீவுல வர்றப்போ மீன்கடையிலயே திருப்பிக் கொடுத்துடலாம்."

"சிரமமா? எனக்கா?" என்று சிரித்தார் கறைக்காரர்.

மகளின் உடைகள் போய்விட்டன, புத்தகங்கள் போய்விட்டன, குளியலறையில் அவளுடைய வாசனைச் சோப்புகூடக் கரைந்து தீர்ந்துவிட்டது. அவளுடையது என்று வீட்டில் மிஞ்சியது அந்தத் தொட்டிதான். அதுவும் போனால் வீடு, இரண்டு பேர் தூங்கி எழுந்து கடைக்குப் போகிற வெறும் இடமாகிவிடும் என்று அவர் பயந்தார். மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

முதலில் கல்லின்மேல் பழுப்பாகத் தூசி படிந்தது. துடைத்தார். அடுத்துப் பச்சையாக ஒரு பூச்சு. பழைய பல்துலக்கியால் தேய்த்தார். பிறகு முடி முடியாகப் பாசி கிளம்பி நீரோட்டத்தில் ஆட ஆரம்பித்தது. கறைக்காரருக்கு அது தன்னைப் பார்த்து ஆடுவதாகவே பட்டது. ரோஷம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கற்களை எல்லாம் வாளியில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போனார்.

"ஏங்க, அது கல்லுங்க. கோட்டு இல்லை" என்றாள் மனைவி.

"கறை எல்லாம் ஒரே சாதிதான், நீ பேசாம இரு."

கறை மேசையில் கற்களைப் பரப்பி, கோட்டுக் காலருக்குப் பிடிக்கிற நீராவித் துப்பாக்கியை ஒவ்வொரு துளையிலும் விட்டுப் பிடித்தார். கற்கள் புதுச் சட்டை மாதிரி வெளுத்து வந்தன. கொஞ்சம் விட்டிருந்தால் இஸ்திரியும் போட்டிருப்பார். வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கி, குறைந்த தண்ணீரைக் குழாயிலிருந்தே பிடித்து உப்புக் கரைத்து ஊற்றி, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஓரிரு நாளில் தண்ணீர் பால் மாதிரி கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. அது ஒருவழியாகத் தெளிந்ததும் பாசி வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

மகளுக்குப் படம் அனுப்பும் நாள் வந்தது. இந்தக் கோலத்தை எப்படி அனுப்புவது? போனைப் புரட்டினார். தொட்டி வைத்த புதிதில் மகள் எடுத்துத் தள்ளிய படங்கள் அதில் ஏராளமாகக் கிடந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கல்லைப் பெரிதாக்கி, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரு பொட்டுப் பச்சை இருக்கிறதா என்று ஒரு கண்ணைச் சுருக்கித் தேடினார். இல்லை. 'இன்னைக்கு எடுத்தது' என்று எழுதி அனுப்பிவிட்டார். மகள் ஒரு இதயத்தை அனுப்பினாள். அடுத்த வாரம் இன்னொரு படம், இன்னொரு இதயம். என்றாவது அவள், "வீடியோல காட்டுங்கப்பா" என்று கேட்டால் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆகிவிடும். "சிக்னல் சரியில்லம்மா" என்பார், நன்றாகக் கேட்கிற குரலில்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க" என்றாள் மனைவி.

கடைசியில் ரோஷத்தைக் கழற்றி வைத்துவிட்டு மீன்கடைக்குப் போனார். மீன்கடைக்காரர் கதை முழுவதையும் கேட்டார். நீராவி என்ற இடம் வந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, அந்தக் கல்லு வெறும் கல்லு இல்லை. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருங்க குடியிருக்கு. மீன் போடுற கழிவை அதுங்கதான் தின்னு தீர்க்கும். நீங்க அதுங்களை அவிச்சுட்டீங்க. சில கல்லுல விஷமே இருக்கும், ஆவி மூக்குல ஏறாம தப்பிச்சது உங்க நல்ல நேரம்."

"இப்ப எதைப் போட்டா போகும்?"

"எதையும் போடாதீங்க. பாசிக்குச் சாப்பாடு நீங்கதான் போடுறீங்க. குழாய்த் தண்ணியை நிறுத்துங்க, சுத்திகரிச்ச தண்ணியில உப்புக் கலந்து வாரம் கொஞ்சமா மாத்துங்க. விளக்கைச் சாயங்காலம் மட்டும் போடுங்க. தீனியை ஒரே வேளையாக்குங்க. நீளமா இருக்கறதைக் கையால பிடுங்குங்க. நாலஞ்சு நத்தை தர்றேன், மிச்சத்தை அது மேயும். கல்லை மட்டும் வெளியே எடுக்காதீங்க. மத்தபடி சும்மா இருங்க."

கறைக்காரருக்கு வாழ்க்கையில் தெரியாத ஒரே வேலை சும்மா இருப்பது.

"ஒரே வேளைதானே போடுறோம்?" என்று வீட்டில் கேட்டார்.

"ஆமா, காலையில நான் போடுறேன்" என்றாள் மனைவி.

"காலையில நான் போடுறேனே!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விசாரணையில் எல்லாம் வெளியே வந்தது. மதியம் சாப்பிட வரும்போது, பாவம், கண்ணாடிப் பக்கம் வந்து பார்க்கிறதே என்று மனைவி ஒரு சிட்டிகை. ராத்திரி கடை சாத்தி வந்ததும் இவர் ஒரு சிட்டிகை. போதாததற்கு இருட்டில் பயப்படுமே என்று படுக்கப் போகிறவரை விளக்கு. யார் போனாலும் அந்த இரண்டு மீன்களும் பிறந்ததிலிருந்து பட்டினி கிடப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ளும்.

"நம்மளை நல்லா ஏமாத்தியிருக்குதுங்க" என்றாள் மனைவி. "நம்ம பொண்ணு வளர்த்ததாச்சே!" இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

அன்றிலிருந்து தீனி டப்பா மனைவி வசம். கறைக்காரர் சாயங்காலம் விளக்கைப் போட்டு, எதிரே நாற்காலியில் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே விட்டால் அவை தொட்டிக்குள் போய்விடும். நத்தைகள் அவசரமில்லாமல் மேய்ந்தன. "பொறுத்தார் பூமியாள்வார்" என்றாள் மனைவி. "எனக்குப் பூமி வேண்டாம், அந்த நடுக்கல்லு போதும்" என்றார் இவர். ஆனாலும் அந்த நாற்காலி நேரம் மெல்ல மெல்லப் பிடித்துப்போனது. பெரிய மீன்தான் பெண், சின்னது அவள் சொல்படி நடக்கிற ஆண் என்பதெல்லாம் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அதில் வியக்க ஒன்றும் இல்லை என்று மனைவி சொன்னாள்.

கண்ணாடி தெளிந்தது. சின்னக் கற்கள் தெளிந்தன. நடுக்கல் மட்டும் அடங்கவில்லை. அப்போதுதான் மகள், லீவு கிடைத்துவிட்டது, வருகிறேன் என்று செய்தி அனுப்பினாள்.

அவள் வருவதற்கு முந்தைய நாள் கறைக்காரரின் பொறுமை கிழிந்தது. இதைப் பார்த்தால் அப்பாவுக்குச் சிரமம் என்று சொல்லித் தொட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடுவாள். ஒரே ஒரு கல். ஒரே ஒரு தேய்ப்பு. மனைவி கடையில் இருந்தாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டார்.

பெண் மீன் பாய்ந்து வந்து அவர் விரலைக் கடித்தது.

வலிக்கவில்லை, அவமானமாக இருந்தது. "தீனி போட்ட கையையே கடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு மறுபடி விட்டார். மறுபடி கடித்தது. ஆண் மீன் கல்லின் பக்கவாட்டில் எதையோ துடுப்புகளால் விசிறிக்கொண்டே இருந்தது, நகரவில்லை. கறைக்காரர் ஒரு கண்ணைச் சுருக்கிக் குனிந்தார். பாசிக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்குக் கல் வெளுப்பாகத் தெரிந்தது. மீன்கள் வாயாலேயே கொத்திக் கொத்திச் சுத்தம் செய்திருந்தன. அந்த இடத்தில் ஆரஞ்சு நிறத்தில், நெருக்கி நெருக்கி, முட்டைகள்.

அன்றைக்குப் போல இன்றைக்கும் இந்தக் கல்லைக் கடைக்கு எடுத்துப் போய் நீராவி பிடித்திருந்தால்? கையை வெளியே எடுத்து, கழுவ மறந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை மகள் பையைக்கூட இறக்காமல் தொட்டிமுன் போய் நின்றாள். கறைக்காரர், கறை போகாத துணியைத் திருப்பிக் கொடுக்கிற முகத்தோடு பின்னால் நின்றார்.

"பச்சை கொஞ்சம் இருக்கும்மா. எடுத்திருப்பேன். அங்க முட்டை போட்டிருக்கு, அதான்…"

அவள் முட்டைகளைப் பார்த்தாள். முழங்காலில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா! நம்ம வீட்டுலயா?" என்றாள்.

"அப்ப தொட்டியைக் கொடுத்துட மாட்டியே?"

"எங்க கொடுக்கிறதுப்பா? இதுங்க வீடுப்பா இது."

அந்த மகிழ்ச்சியில் மனிதருக்கு உண்மை வாய்க்கு வந்துவிட்டது. "அந்தப் போட்டோ எல்லாம் பழசும்மா. நான் சும்மா…"

"தெரியும்பா."

"தெரியுமா?"

அவள் தன் போனை எடுத்து, அவர் அனுப்பிய படம் ஒன்றைக் காட்டினாள். "கல்லைப் பார்க்காதீங்க. கண்ணாடியைப் பாருங்க. யார் நிக்கிறா?"

கண்ணாடியில் மங்கலாக, தலையில் ஈரத் துண்டு சுற்றிக்கொண்டு, போனைத் தூக்கிப் பிடித்தபடி மகள் நின்றாள். அடுத்த படத்தில் அலுவலகப் பையோடு. அதற்கடுத்ததில் வாயில் பல்துலக்கியோடு. ஒவ்வொன்றிலும் அவள்தான். ஒரு பொட்டுப் பச்சை தப்பாத கண்ணால் மூலை மூலையாகத் தேடி அனுப்பிய படங்களில் மகள் நின்றிருந்ததை அவர் பார்க்கவே இல்லை.

"முதல்லயே சொல்லியிருக்கலாம்லம்மா?"

"சொன்னா அனுப்புறதை நிறுத்திடுவீங்களே" என்றாள் மகள்.

அன்று கடையை மனைவிதான் திறந்தாள். கறைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, பழைய போனில் முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார், கல்லை விட்டுவிட்டு.