உடையாமல் வந்த பெயர்

"சவுண்டு சர்வீஸ் சென்னப்பன் காலைல தவறிட்டாருங்க." மாரண்டஹள்ளியிலிருந்து தக்காளி ஏற்றி வந்த லாரிக்காரர் எங்கள் வாசலில் நின்று சொன்னார். மாரடைப்பாம். பதான்கோட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நான், ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போவதாக இருந்தேன். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். இன்னும் நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதா மனிதர்?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னப்பண்ணன் மாரண்டஹள்ளியில் ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். மொரப்பூர் பக்கத்தில் எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு மைக் செட்டு அவருடையதுதான். வீட்டில் கன்னடம் பேசுவார், கடையில் தமிழ். எங்களைப் போல வேதக்காரர் அல்லர், ஆனாலும் எங்கள் சப்பரம் எந்தத் தெருவில் திரும்பும் என்பது அவருக்கு அத்துப்படி. அடக்கமானவர் என்று பொய் சொல்ல மாட்டேன். புதிதாக வாங்கிய கேசட் டெக்கைப் பற்றி ஆரம்பித்தாரென்றால் கேட்பவர் பஸ்ஸைத் தவறவிட வேண்டியதுதான். "இந்த மாடல் சேலத்துலகூட இல்லீங்க" என்பார், சேலத்துக்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாப்பிள்ளை ராணுவத்தில் இருந்தார். தாலி கட்டிய கையோடு வடக்கே பதான்கோட்டுக்குப் போயாக வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவுக்கு நான் ஒரே பெண். கோயில் பாடகர் குழுவில் முதல் குரலும் நான்தான். "வூட்ல உன் சத்தம் இல்லாம நான் எப்படிடி இருப்பேன்?" என்று அம்மா ஒருநாள் கோயில் வாசலிலேயே அழுதுவிட்டார். ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்த சென்னப்பண்ணன் ஏணியிலிருந்தபடியே சொன்னார்: "அழுவாதீங்கம்மா. பாப்பா சத்தத்த கேசட்ல புடிச்சுக் குடுத்துர்றேன். நீங்க எப்ப வேணா போட்டுக் கேளுங்க."

கல்யாணத்துக்கு முந்தைய சனிக்கிழமை கோயிலுக்குள்ளேயே பதிவு. எங்கள் கோயில் உபதேசியார் எழுதிய தவக்காலப் பாட்டுகள். அவர் ஆர்மோனியத்தோடு கீழே உட்கார, நாங்கள் அதைச் சுற்றி நின்றோம். ஆர்மோனியமும் குரலும் சேர்ந்து விழ வேண்டுமென்று மைக்கை எங்கள் நெஞ்சு உயரத்தில் நிறுத்தினார் அண்ணன். மறுநாளிலிருந்து கல்யாண வீடு. அன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை.

முதல் பாட்டைப் போட்டுக் கேட்டோம். அருமையாக வந்துகொண்டே இருந்தது, ஓரிடத்தில் 'கர்ர்' என்று உடைந்தது. மறுபடி பாடினோம். மறுபடியும் அதே இடம். டெக்கில் சத்தத்தின் அளவு காட்டும் முள் அங்கே வந்ததும் சிவப்புக்குள் பாய்ந்து நிற்கிறது என்றார் அண்ணன். ஒயரை மாற்றினார். மைக்கை மாற்றினார். கரண்டைத் திட்டினார். கடைசியில் என்னிடமே வந்து, "அந்த எடத்துல மட்டும் கத்தறியாம்மா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "நான் ஒண்ணும் கத்தலைங்ணா. உங்க பொட்டிதான் கத்துது."

சத்தத்தை மொத்தமாகக் குறைத்து வைத்தும் பார்த்தார். அந்த இடம் தப்பித்தது. மற்றதெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போலாகிவிட்டது.

உடைகிற இடம் எது என்று முதலில் கவனித்தவர் உபதேசியார்தான். வேறு பாட்டுகளைப் பாடிப் பார்த்தபோதும் இயேசு என்ற பெயர் வரும் இடம் மட்டும்! பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "கல்யாணத்துக்கு முன்னால இது என்னடி சோதனை?" என்று அம்மாவுக்கு முகமே செத்துப்போயிற்று. மைக்குக்கு மந்திரிக்கலாமா என்றுகூட ஒருத்தி கேட்டாள்.

அண்ணனிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் பாடும்போது முகத்தைப் பார்க்க மாட்டார்; கூச்சப்படுவார்கள் என்று சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் பதிவு செய்வார். அன்று பொறுமை போய், பாட்டு நடக்கும்போதே வெடுக்கென்று திரும்பினார். அந்தப் பெயர் வந்தது. நாங்கள் எல்லோரும் ஒன்றாகத் தலை குனிந்தோம். அத்தனை வாயும் நேராக மைக்குக்குள்!

அந்தப் பெயரைச் சொன்னால் தலை குனிவது எங்களுக்குப் பேச வந்த நாளிலிருந்து உள்ள பழக்கம். குனிகிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கோயில் புறாக்கள் பறந்தன.

"இன்னிக்கி ஒருநாள் குனியாம பாடுங்க, ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு" என்றார் உபதேசியார். முயன்றோம். கழுத்தைப் பிடித்துவைத்ததில் சுருதி போயிற்று. எனக்குக் குரலே எழும்பவில்லை. அண்ணன் எழுந்து வந்தார்.

"நீங்க எப்பவும் போலக் குனிஞ்சுக்கங்க. சாமி விசயத்துல எம்பொட்டி எதுக்குக் குறுக்க வரணும்?"

பெஞ்சின் மேல் ஏறி மைக்கை எங்கள் தலைக்கு மேலே கட்டினார். இப்போது குனிந்தால் குரல் மைக்கைவிட்டு விலகியது. அந்தப் பெயர் மட்டும் மெதுவாக, பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பாமல் சொல்வது போல விழுந்தது. கேட்ட அம்மா, "இதேதான் எம்பொண்ணு" என்றார். எனக்கு அன்றுதான் நிம்மதியாக ஊரைவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. நான் பதான்கோட்டில் இருந்த வருடமெல்லாம் அம்மா தனியாக இல்லை. அதற்காக அண்ணனுக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் தீராது.

செய்தி வந்த அன்றே நானும் அம்மாவும் மாரண்டஹள்ளிக்குப் போனோம். அவர் மனைவி ரத்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதானாம்மா அந்தப் பாட்டு?" என்றார். எனக்கு விளங்கவில்லை.

"எந்த செட்டு ரிப்பேரு பண்ணாலும், தனக்குன்னு காப்பி எடுத்து வெச்ச உங்க கேசட்டத்தான் போட்டுப் பாப்பாரு. 'அந்தப் பேரு ஒடையாம மெதுவா வந்துச்சுன்னா செட்டு சரியாயிருச்சு'ம்பாரு. இந்த வீதியில எல்லாருக்கும் உன் பாட்டு மனப்பாடம்."

என் குரலை அம்மாவுக்கு மட்டும் விட்டுப் போனதாக அல்லவா நினைத்திருந்தேன்! அண்ணனைத் தூக்கும் நேரத்தில் ரத்னம்மா மகனிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். மகன் கடைக்குள் போய் ஒலிபெருக்கியில் அந்த டேப்பைப் போட்டார். தாரை தப்பட்டைக்காரர்கள் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். வீதி முழுக்க என் பழைய குரல் கேட்டது.

அந்த இடம் வந்தது, அண்ணா. உடையவில்லை. போய் வாருங்கள்.