முனியாண்டி வளைவில் பெட்ரோல் வாடை

லிந்துலைப் பக்கம் நான் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த காலம். காரின் பெட்ரோல் பம்பு செத்துப்போய், கிடைத்த லாரிப் பம்பைப் பூட்டியிருந்தேன். அதற்குத் தள்ளு அதிகம். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை மறிக்கிற சின்ன ஊசி அதைத் தாங்காது. உள்ளே நிரம்பி வெளியே வழியும். "ஊட்டுறவளுக்கு அவசரம், புள்ளைக்குப் புரையேறுது" என்பார் கடைவீதி மெக்கானிக்.

ஒரு சாயந்தரம் என் தங்கைக்குப் பிரசவ வலி கண்டது. அவளையும் அவள் மாமியாரான அத்தையையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். முனியாண்டி கோயில் வளைவைத் தாண்டியதும் கார் கரும்புகை கக்கி நின்றது. பானட்டைத் திறந்தேன். சூடான புகைக்குழாயை ஒட்டிப் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தால், அத்தை பம்பருக்கு முன்னால் குந்தியிருக்கிறார். தரையில் கற்பூரம், கையில் தீப்பெட்டி. அந்த வளைவில் கற்பூரம் ஏற்றாமல் எந்த வண்டியும் போகாது. அவசரத்தில் நான் நிற்காமல் வந்துவிட்டேன்.

பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்தேன்.

"கைய விடுங்க தம்பி! சாமிதான் வண்டிய மறிச்சிருச்சு."

"கொளுத்துனா மூணு பேரும் சாம்பல் அத்தை! பெட்ரோல் ஒழுகுது!"

உள்ளிருந்து தங்கை முனகினாள்: "ரெண்டு பேரும் அப்புறமா சண்ட போடுங்களேன்… என்னால முடியல."

அத்தை தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டார்.

பம்பைக் கழற்றி, அதற்கும் இஞ்சினுக்கும் நடுவே இன்னொரு அட்டை பேக்கிங்கை வைத்து இறுக்கினேன். பம்பு கொஞ்சம் விலகி உட்கார்ந்தால் தள்ளு குறையும். நட்டு இரண்டு தடவை கை தவறி விழுந்தது. சொட்டியதையெல்லாம் துடைத்து, வாடை அடங்கும்வரை நின்றேன். தங்கையின் முனகல் நின்று நின்று வந்தது. நின்றபோதுதான் அதிகம் பயந்தேன்.

உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியேற ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டே வண்டிக்கு முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். மிதிக்க ஆள்?

"அத்தை, இத அமுக்குங்க. எடுக்கவே கூடாது."

வெறுங்காலால் அமுக்கிக்கொண்டு, "முனியாண்டி, தப்பா நெனைக்காத" என்றார். சுற்றினேன். புகைக்குழாயில் 'டொம்' என்று வெடித்தது. எரிந்தோம் என்றே நினைத்தேன். இஞ்சின் பிடித்துக்கொண்டது.

தங்கையோடு அத்தை உள்ளே போக, நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். நெடுநேரம் கழித்து உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அத்தை வெளியே வந்து, மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

"பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. தம்பி, இப்ப எவ்வளவு தூரம் தள்ளிப் போய்க் கொளுத்தணும்?"