விடைக்குறிப்பில் இல்லாத விதி

மே மாதம் வந்தாலே அல்போன்சாவுக்கு இடுப்புவலியும் வந்துவிடும். திண்டுக்கல்லுக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அவள் கம்ப்யூட்டர் துறை ஆசிரியை. மாணவர்களுக்குத்தான் கோடை விடுமுறை. ஆசிரியர்கள் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடு தேடிப் போய், எங்கள் கல்லூரியில் சேருங்கள் என்று கேட்க வேண்டும். இந்த மே மாதம் அகரம் கிராமத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்றபோது, சம்பங்கிப் பூவை மூட்டை கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"நீங்க என்ன பாடம்மா நடத்துறீக?"

"கம்ப்யூட்டருங்கம்மா."

அதற்கு மேல் சொல்ல அல்போன்சாவுக்குத் தெம்பு இல்லை. அவள் நடத்துவது தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், டி.ஓ.சி. என்று பிள்ளைகள் பயத்தோடு சொல்லும் பாடம். ஒரு மொழியில் எந்தச் சொல் சேரும், எது சேராது என்பதைச் சில விதிகளால் வரையறுக்கும் கணக்கு அது. அதில் ஒழுங்கு இலக்கணம் என்று ஒரு வகை. எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டே போகும். இதுவரை எத்தனை எழுதினோம் என்ற எண்ணிக்கையை அளவில்லாமல் வைத்துக்கொள்ள அதனால் ஆகாது. அதைவிடக் கொஞ்சம் பெரியது சூழல்சாரா இலக்கணம். எத்தனை அடைப்புக்குறியைத் திறந்தாலும் அத்தனையையும் ஒழுங்காக மூடிவிடும். கல்லூரியில் படித்த காலத்தில் இந்த வித்தியாசம் புரிந்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். இப்போது கைடைப் பார்த்து மனப்பாடம் செய்யும் வகுப்புகளில் அதையே வருடா வருடம் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டது.

வீடு வீடாக அலைந்தது முடிந்ததும் விடைத்தாள் திருத்த உத்தரவு வந்தது. முகாம் வத்தலக்குண்டு சாலையில் வேறொரு கல்லூரியில். காலையில் பஸ் பிடித்துப் போய், மின்விசிறி சுற்றியும் காற்று வராத கூடத்தில் உட்கார வேண்டும். பக்கத்து மேசையில் கமர்ஜஹான். வேறு கல்லூரிக்காரி, வயதில் இளையவள், முகாமில் பழகிய சிநேகிதி. எல்லோருக்கும் மேலே தலைமைத் திருத்துநர் வேலுசாமி.

இரண்டாம் நாள் மதியம். கேள்வி எளியதுதான்: ஏ, பி என்ற இரண்டே எழுத்து, இரண்டும் சம எண்ணிக்கையில், எந்த வரிசையிலும் வரலாம், அந்தச் சொற்களுக்கெல்லாம் சூழல்சாரா இலக்கணம் எழுதுக. பல்கலைக்கழகம் அனுப்பிய விடைக்குறிப்பில், எழுத்தே இல்லாத வெற்றுச்சொல் போக, இரண்டு விதிகள். முன்னால் ஏ வைத்தால் பின்னால் பி வை. முன்னால் பி வைத்தால் பின்னால் ஏ வை. நடுவில் அதையே திரும்பச் செய். ஒரு மாணவர் மூன்றாவதாக இன்னொரு விதி எழுதியிருந்தார்: சரியான இரண்டு சொற்களை அடுத்தடுத்து வைக்கலாம். குறிப்பில் அது இல்லை. அல்போன்சா சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

அடுத்ததற்கடுத்த தாளிலும் அதே மூன்றாவது விதி. பேனா நின்றது. ஏ பி பி ஏ என்று ஓரத்தில் எழுதிப் பார்த்தாள். இரண்டு ஏ, இரண்டு பி. சேர வேண்டிய சொல். ஆனால் குறிப்பில் உள்ள விதிகளால் ஏ-யில் தொடங்கினால் பி-யில்தான் முடிக்க முடியும். இந்தச் சொல் அந்த விதிகளிலிருந்து எந்தக் காலத்திலும் வராது. மூன்றாவது விதி இருந்தால் ஏபி-யும் பிஏ-யும் பக்கத்தில் நின்று உடனே வந்துவிடும். தப்பு குறிப்பில்தான்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வருவதற்குள் மறந்து போனால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள். மறக்கவில்லை.

"கமர், இதைப் பாரு."

கமர்ஜஹான் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "யா அல்லா! நேத்துலருந்து எல்லாத்தையும் அடிச்சுத் தள்ளிட்டோமே. சொல்லாதீங்கக்கா. சொன்னா முடிச்ச தாள்கட்டுகளையெல்லாம் பிரிக்கணும். கூடமே நம்மளக் கரிச்சுக் கொட்டும்."

"சொல்லாம எப்படிடீ?"

"நீங்க திருத்துறதுல மட்டும் மார்க்கப் போட்டுட்டுப் போங்க."

அல்போன்சா அதையும் யோசித்தாள். செய்திருக்கலாம். ஆனால் மற்ற மேசைகளில் எத்தனை தாள்களில் அந்த விதி சிவப்புக் கோடு வாங்கிக் கிடக்கிறதோ. வேலுசாமியிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"புரியுதுங்க மேடம். சரியாத்தான் சொல்றீங்க. ஆனா குறிப்ப மாத்த எனக்கு ஏது அதிகாரம்? முகாம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு."

"யுனிவர்சிட்டிக்குப் போன் பண்ணிக் கேளுங்க சார். எட்டு மார்க்குல ஒரு பிள்ளைக்கு அரியர் விழும்."

"பண்ணா, எப்ப பதில் வரும்னு தெரியாது."

"வர்ற வரைக்கும் அந்தக் கேள்வியத் தொடாம மத்ததத் திருத்துறோம்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அவர் குரலும் களைத்துத்தான் இருந்தது.

மறுநாள் பதில் வந்தது. மூன்று விதி எழுதினவர்களுக்கு முழு மதிப்பெண். குறிப்பில் உள்ளபடி எழுதினவர்களுக்கும் முழு மதிப்பெண். குறிப்பு தவறு என்று அந்தப் பதிலில் ஒரு வார்த்தை இல்லை. "மாற்று விடையும் ஏற்கப்படும்" என்று வேலுசாமி உரக்க வாசித்தார். முடித்த கட்டுகளைப் பிரிக்க வேண்டும் என்றதும் கூடம் முணுமுணுத்தது. முன்வரிசையில் ஒருவர் கேட்கும்படியே சொன்னார்: "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டாக."

அல்போன்சா சிவப்புப் பேனாவைத் திறந்தாள். தன் கட்டுகளைப் பிரித்து, அடித்த இடங்களில் கையெழுத்துப் போட்டு மதிப்பெண்ணை மாற்றினாள். அப்படிச் சொன்னவருடைய கட்டுகளில் பாதியையும் வாங்கிக்கொண்டாள். கமர்ஜஹான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, தப்புத் தப்பாகக் கூட்டிக் கொட்டாவி விட்டாள்.

அன்று வத்தலக்குண்டு பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தாள். மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கும் கணவர் ராயப்பராஜ் சோறு வடித்து, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் வெஞ்சனமும் செய்து வைத்திருந்தார்.

"என்ன இம்புட்டு நேரம்?"

"திருத்துனதையே திரும்பத் திருத்துனோம்."

"எதுக்கு?"

சொல்ல ஆரம்பித்தாள். ஏ, பி என்று இரண்டு விரல்களை மாற்றி மாற்றி நீட்டினாள். ராயப்பராஜுக்குப் பாதிதான் புரிந்தது, ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப பிள்ளைகளுக்கு மார்க் கெடச்சிருச்சுல்ல?" என்றார் கடைசியில்.

"எல்லாருக்கும் கெடச்சிருச்சு. தப்பா எழுதுனவுகளுக்கும்."

"போகுது விடு. வெஞ்சனம் ஆறுது."

ஜூனில் கல்லூரி திறந்தபோது புதிய பாடத்திட்டம் வந்திருந்தது. டி.ஓ.சி. இனி கட்டாயமில்லை, விரும்பியவர்கள் எடுக்கலாம். முதல் வாரத்தில் ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. துறைத் தலைவர் அவளைக் கூப்பிட்டுப் பைத்தான் புரோகிராமிங் வகுப்பு எடுக்கச் சொன்னார். சரி என்றாள். அந்தச் 'சரி'யைச் சொன்ன பிறகு வராந்தாத் தூணில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை, தூக்கம்தான் வந்தது. மணி அடித்ததும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு இரண்டாமாண்டு வகுப்புக்கு மாடியேறிப் போனாள்.