ஒரே காப்பி மரத்தின் இரண்டு இலைகள்

என் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணைக் கவனக்குறைவானவள் என்று பல்கலைக்கழகக் குழுவிடம் சொன்னேன். அவள் அப்படிப்பட்டவள் அல்ல என்று அப்போதே எனக்குப் பாதி தெரியும். அதைச் சொல்லாமல் விட்டேன்.

முனைவர் பட்டம் முடித்து, மேலாய்வுக்காக என்னிடம் சேர்ந்திருந்தாள். நாங்கள் இருந்த தீவின் பழைய வீடுகளில் நிற்கும் காப்பிச் செடிகள் மரபணுவில் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்ப்பது எங்கள் வேலை. டத்தோ கிராமாட்டில் ஒரு வீட்டு மரத்திலிருந்து அவள் எடுத்த இலை சோதனையில் ரொபஸ்டா இனம் என்று வந்தது. சரிபார்ப்பதற்காக அதே மரத்தில் நான் ஓர் இலை பறித்து வந்தேன். அது லைபீரிகா என்று வந்தது. ஒரே மரம் எப்படி இரண்டு இனமாக இருக்கும்?

"நீ டியூப்ப மாத்திட்டே" என்றேன்.

"மாத்தல சார். வாங்க, மரத்தையே பாத்துட்டு வந்துடலாம். பக்கத்துலதானே லா, காடி எடுத்தா ஒடனே போயிடலாம்."

நேரமில்லை என்றேன். நேரம் இருந்தது. என் இலை அவளுடையதைவிட இரு மடங்கு பெரிது. பறிக்கும்போதே அது கண்ணில் பட்டிருந்தது. குழுவிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவளுடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலைக்குப் போய்விட்டாள்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெரிய இலை என்னை விடவில்லை. ஒருநாள் அந்த வீட்டுக்கே போனேன்.

"மறுபடியும் இலையா அங்கிள்? டீ போட்டுக் குடிக்கிறீங்களா என்ன?" துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரப் பெண் சிரித்தார்.

குனிந்து பார்த்தேன். அடிமரத்தில், முழங்கால் உயரத்தில், வளையமாக ஒரு தழும்பு. அதற்குக் கீழே முளைத்த தளிரில் அகன்ற இலைகள். மேலே எல்லாம் சிறிய இலைகள். ஒட்டுக்கட்டிய மரம்! யாரோ லைபீரிகா வேர்மேல் ரொபஸ்டாவை ஒட்ட வைத்திருக்கிறார்கள். முட்டி வலியால் நிற்க முடியாமல், நான் அன்று மரத்தடியில் உட்கார்ந்தபடியே கைக்கு எட்டிய அடித்தளிரில் பறித்திருந்தேன். அவள் முறையாக மேல்கிளையில் எடுத்திருந்தாள். இரண்டு முடிவுகளும் சரி. உண்மையைச் சொன்னால், விடை கிடைத்த சந்தோஷம்தான் முதலில் வந்தது. வெட்கம் அதற்குப் பிறகுதான்.

இலையின் அளவு உட்பட எல்லாவற்றையும் குழுவுக்கு எழுதினேன். அவளைப் பற்றிய குறிப்பைத் திருத்திவிட்டோம், அந்தப் பணியிடம் இப்போது இல்லை என்று பதில் வந்தது. ஜுருவுக்குப் போய், தொழிற்சாலை எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் அவளைச் சந்தித்துச் சொன்னேன்.

"அப்பவே கூப்பிட்டேனே சார், வாங்கன்னு."

"கூப்பிட்டே. நான்தான் வரல."

தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "நான்தான் கெடுத்துக்கிட்டேன்னு எங்கம்மா இன்னும் நெனச்சிக்கிட்டிருக்காங்க. அவங்ககிட்ட வந்து சொல்வீங்களா?"

சுங்கை பினாங் அடுக்குமாடியில், அவளுடைய அம்மா முன்னால் நின்று சொன்னேன். "எம்மவள எவ்வளவு ஏசிட்டேன் தெரியுமா ஒங்களால" என்றார் அந்த அம்மாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

மின்தூக்கி வரை அவள் கூட வந்தாள். "தழும்பு மொழங்கால் ஒயரமா சார்? கீழத் தளிர் ஒண்ணுதானா?" கேள்விமேல் கேள்வி. இதை இருவரும் சேர்ந்து கட்டுரையாக எழுதலாமா என்றேன்.

"வேணாம் சார். நானே எழுதிக்கிறேன்."

ஒரு விடுமுறை நாளில் அவளே போய் இரண்டு இலைகளையும் எடுத்து, வேறோர் ஆய்வுக்கூடத்தில் சோதித்து, தனியாக எழுதி வெளியிட்டாள். படித்தேன். 'முதல் சரிபார்ப்பு இலை ஒட்டுக்குக் கீழே எடுக்கப்பட்டது' என்று ஒரு வரி இருந்தது. யார் எடுத்தது என்று அவள் எழுதவில்லை.